சார்ஜருக்குப் பயம்... க்யூஆர் கோடுக்குத் தைரியம்! - ஹேக்கர் செய்திகளை எப்படிப் படிப்பது?

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும் ஒரு சாயங்காலம். பட்டாசு ஆலை வேன் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிறது. ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. பகலெல்லாம் சும்மா கிடந்த போன்கள் ஒவ்வொன்றாக ஒலிக்க ஆரம்பிக்கின்றன.

வேனிலிருந்து இறங்கிய ஓர் அக்காவின் போனில் ஆறு மிஸ்டு கால். கோவையில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர். திரும்பக் கூப்பிடலாம் என்றால் பேட்டரி நான்கு சதவிகிதத்தில் நிற்கிறது.

"இந்தாம்மா, இதுல சொருகிக்க" என்று கல்லாப் பக்கத்தில் தொங்கும் சார்ஜரைக் காட்டுகிறார் டீக்கடை அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி. வெளியில சார்ஜ் போட்டா பேங்க்ல இருக்குற காசெல்லாம் உருவிருவாங்களாம். எங்க தம்பிதான் குரூப்ல போட்டிருந்தாரு."

அதற்குள் அந்தத் தம்பியே மறுபடியும் கூப்பிடுகிறார்.

"மதினி, ஆமத்தூர்ல ரோட்டு மேலயே ஒரு பட்டாசு குடோன் இருக்காம். கொஞ்சம் போய்ப் பாருங்களேன். பத்து நாளைக்கு முன்னாடி ஆர்டர் போட்டேன். பார்சலும் வரல, போனையும் எடுக்க மாட்டேங்குறாங்க."

"எவ்வளவு தம்பி கட்டுனீங்க?"

"மூவாயிரத்து எண்ணூறு. இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் வந்துச்சு. க்யூஆர் கோடு அனுப்பினாங்க, ஸ்கேன் பண்ணிட்டேன்."

கடைப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் போன் அணைந்துவிடுகிறது. அண்ணாச்சி யோசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "அப்படி ஒரு கடை இந்த ரோட்டுலயே இல்லையேம்மா. இதே மாதிரி வெளியூர்க்காரங்க போன வாரமும் வந்து விசாரிச்சாங்க."

ஆட்கள் மாறலாம், தொகை மாறலாம். ஆனால் தீபாவளி நெருங்கும்போது பட்டாசு ஊர்களின் பெயரில் நடக்கும் இந்தக் கதை மாறுவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சார்ஜரைப் பற்றிக் குடும்பத்தையே எச்சரித்தவர்தான், முகம் தெரியாத ஒருவருக்கு ஒரே ஸ்கேனில் பணம் அனுப்பியிருக்கிறார். அவர் படிக்காதவர் அல்ல, செய்தி தெரியாதவரும் அல்ல. அவருக்கு வந்து சேர்ந்த செய்திகள் அப்படி. நடக்காத திருட்டைப் பற்றி நூறு செய்திகள் வந்தன. நடக்கும் திருட்டைப் பற்றி ஓரமாக ஒன்றிரண்டுதான் வந்தன.

ஒரு பயம் பிறந்த இடம்

பொது இடத்தில் சார்ஜ் போட்டால் போனில் உள்ளதைத் திருடுவதற்கு 'ஜூஸ் ஜாக்கிங்' என்று பெயர். இந்தப் பெயர் பரவத் தொடங்கியது 2011 ஆகஸ்ட்டில். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் 'டெஃப்கான்' என்ற ஹேக்கர்கள் மாநாடு நடக்கும். அந்த ஆண்டு அங்கே சில ஆய்வாளர்கள் ஓர் இலவச சார்ஜிங் மேடையை வைத்தார்கள். யாராவது போனைச் செருகியதும் திரை சிவப்பாக மாறி, 'இப்படி முன்பின் தெரியாத இடத்தில் செருகலாமா?' என்கிற ரீதியில் எச்சரிக்கும். மூன்றரை நாளில் 360-க்கும் அதிகமானவர்கள் செருகினார்கள். அத்தனை பேரும் பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்தவர்கள் என்பதுதான் வேடிக்கை.

அங்கே யாருடைய தகவலும் திருடப்படவில்லை. 'இப்படியும் செய்ய முடியும்' என்று காட்டுவதற்கான செயல்விளக்கம் அது, அவ்வளவுதான்.

ஆனால் செய்தி அந்த மேடையோடு நிற்கவில்லை. 2019 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் பயணிகளை எச்சரித்தது. 'உங்களிடம் எத்தனை வழக்குகள் இருக்கின்றன?' என்று கேட்டபோது, அங்கே ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதமே நம் ஊர் ஸ்டேட் பேங்க் ட்விட்டரில் அதே எச்சரிக்கையைப் போட்டது. 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டிலும் அது இடம்பிடித்தது. 2023 ஏப்ரலில் எஃப்.பி.ஐ.யின் டென்வர் கிளை ஒரு ட்வீட் போட, உலகம் முழுக்க அது மறுபடியும் தலைப்புச் செய்தியானது. புதிதாக ஏதும் நடந்ததால் போட்ட ட்வீட் அல்ல, வழக்கமான அறிவுரைதான் என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமும், 'தொழில்நுட்ப ரீதியில் சாத்தியம். ஆனால் உறுதி செய்யப்பட்ட சம்பவம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை' என்று தன் பக்கத்தில் எழுதி வைத்தது.

ஒரு மேடையில் காட்டிய வித்தை பன்னிரண்டு ஆண்டுகளில் வங்கி, போலீஸ், டி.வி., வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு ஆமத்தூர் டீக்கடைக்கு வந்திருக்கிறது. அதில் பாதிக்கப்பட்டவர் இன்னார் என்று ஒரு பெயரைக்கூட அது வழியில் சேர்த்துக்கொள்ளவில்லை.

'லாம்' தொலைந்துபோகும் கதை

இந்தச் செய்திகளில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இலக்கணம் போதும்.

ஆய்வாளர் மேடையில் சொல்வது: "இந்த மாடல் போனில், இந்த வெர்ஷனில், இன்ன நிபந்தனைகள் இருந்தால் தகவலைத் திருடலாம்." அதைக் கேட்டவர் எழுதுவது: "போனில் உள்ள தகவலைத் திருடலாம்." நிபந்தனைகள் போயின. அதைப் பார்த்து இன்னொருவர் வைக்கும் தலைப்பு: "தகவல்களைத் திருடுகிறார்கள்... உஷார்!" இப்போது 'லாம்' என்ற இரண்டு எழுத்தும் போய்விட்டது. கடைசியில் வாட்ஸ்அப்பில் வருவது: "பஸ் ஸ்டாண்டில் சார்ஜ் போட்டவரின் வங்கிக் கணக்கு காலி!" சாத்தியம் சம்பவமாகிவிட்டது. நடுவில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு சொல்லை உதிர்த்திருப்பார்கள்.

இதற்குக் காரணங்களும் உண்டு. மாநாட்டில் பேசுபவருக்குத் தன் கண்டுபிடிப்பு பெரிதாகத் தெரிய வேண்டும். பாதுகாப்பு சாஃப்ட்வேர் விற்கும் நிறுவனத்துக்குப் பயம்தான் விளம்பரம். செய்தி அறைக்கோ மாலைக்குள் ஒரு கட்டுரை வேண்டும். 'மேடையில் ஏடிஎம்மிலிருந்து பணத்தைக் கொட்ட வைத்த ஹேக்கர்' என்ற தலைப்பை லட்சம் பேர் தொடுவார்கள். 'கோவைக்காரர் 3,800 ரூபாய் ஏமாந்தார்' என்ற தலைப்பை யார் தொடுவார்கள்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வித்தை காட்டுபவருக்கு மேடையேறப் பெருமை. ஏமாந்தவருக்கோ வெளியே சொல்ல வெட்கம். 'இவ்வளவு படிச்சும் இப்படி ஏமாந்துட்டியே' என்ற ஒரு சொல்லுக்குப் பயந்தே பலர் வீட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. அதனால் நடக்காதது ஊரெல்லாம் பரவுகிறது. நடந்தது வீட்டுக்குள்ளேயே புதைகிறது.

அப்படியென்றால் மாநாடுகள் எல்லாம் வெற்று வேடிக்கையா?

அப்படிச் சொல்லிவிடவும் கூடாது. மேலே சொன்ன ஏடிஎம் வித்தை நிஜமாகவே நடந்தது. 2010-ல் 'பிளாக்ஹேட்' மாநாட்டில் பார்னபி ஜாக் என்ற ஆய்வாளர் இரண்டு ஏடிஎம் இயந்திரங்களை மேடைக்கே கொண்டுவந்து நோட்டுகளைக் கொட்ட வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே அதைக் காட்டுவதாக இருந்தது. குறையைச் சரிசெய்ய இயந்திரத் தயாரிப்பாளருக்கு அவகாசம் வேண்டும் என்பதால் ஒரு வருடம் தள்ளிப்போனது.

2015-ல் இரண்டு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பைப் பல மைல் தொலைவிலிருந்து இணையம் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதன் பிறகு அந்த நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது.

சார்ஜர் விஷயத்திலும் அப்படித்தான். 2013-ல் ஒரு போலி சார்ஜரை வைத்து ஐபோனுக்குள் நுழைய முடியும் என்று பிளாக்ஹேட் மாநாட்டில் காட்டினார்கள். அதே ஆண்டு வந்த ஐபோன் மென்பொருளில், 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?' என்று போனே நம்மிடம் கேட்கத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு போன்களும் கேபிளைச் செருகினால் தானாக 'சார்ஜ் மட்டும்' என்ற நிலைக்கு வந்தன. 2025-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் தடுப்பையும் தாண்ட ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். போன் நிறுவனங்கள் மறுபடியும் அதை அடைக்க வேண்டியிருந்தது.

கோவாவில் 2010 முதல் நடக்கும் 'நல்கான்' போன்ற நம் நாட்டு மாநாடுகளிலும் இதே வேலைதான். திருடனுக்கு முன்னால் ஓட்டையைக் கண்டுபிடிப்பது, அடைக்கச் சொல்வது. பிரச்னை என்னவென்றால், 'ஓட்டை இருக்கிறது' என்ற பாதிச் செய்தி நம்மிடம் வருகிறது. 'அடைத்துவிட்டார்கள்' என்ற மீதிப் பாதி வருவதில்லை. பத்து வருடத்துக்கு முன் அடைத்த ஓட்டைக்கு இன்றும் பயந்துகொண்டிருக்கிறோம்.

கூடங்குளம் சொன்ன பாடம்

எல்லாச் சைபர் செய்தியையும் 'சும்மா பயமுறுத்துறாங்க' என்று ஒதுக்கினாலும் ஆபத்துதான். தென் மாவட்டக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

2019 அக்டோபர் கடைசி வாரம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்துவிட்டதாக ட்விட்டரில் செய்தி பரவியது. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 19-ம் தேதிதான் இரண்டாவது அணு உலை தொழில்நுட்பக் காரணத்தால் நின்றிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, 'அணு உலையையே ஹேக் செய்துவிட்டார்கள்' என்ற அளவுக்குப் பேச்சு போனது. கடலோரக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

அக்டோபர் 29-ம் தேதி நிலையத்தின் மறுப்பு வந்தது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி இணையத்தோடு இணைக்கப்படாதது, அதன் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் இன்னோர் அறிக்கை விட்டது. வைரஸ் இருந்தது உண்மைதான். செப்டம்பர் 4-ம் தேதியே மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' அதைத் தெரிவித்துவிட்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டர். உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அதிலிருந்து தனியாக இருக்கிறது - இதுதான் அந்த அறிக்கை.

'உலையையே ஹேக் செய்துவிட்டார்கள்' என்றதும் தவறு. முதல் நாள் மறுப்பைப் படித்துவிட்டு 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று நினைத்ததும் தவறு. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு நெட்வொர்க், ஒரு தேதி என்று அளவோடு சொன்ன பிறகுதான், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஜனங்களுக்குப் புரிந்தது. அந்த அளவான தகவல் முதல் நாளே வந்திருந்தால், வதந்திக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

வானத்து வெளிச்சமும் தரையில் உராய்வும்

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு ஒன்று தெரியும். வானத்தில் போய் வெடித்துப் பூப்பூவாய்க் கொட்டும் ஃபேன்சி ரகத்தைப் பார்த்துதான் வெளியூர்க்காரர்கள் 'ஆ'வென்று வாய் பிளப்பார்கள். ஆனால் ஆலையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வெளிச்சம் இல்லாத விஷயம். மருந்துக் கலவை அறையில் ஏற்படும் ஒரு சின்ன உராய்வு. பார்ப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

சைபர் குற்றத்திலும் இதே கணக்குதான். இந்தியர்கள் சைபர் மோசடிகளில் இழந்த தொகை 2023-ல் 7,465 கோடி ரூபாய். 2024-ல் 22,845 கோடி. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு இது. எப்படிப் போனது இவ்வளவு பணம்? 2024-ன் முதல் நான்கு மாதங்களை மட்டும் பார்த்தால், போலி ஷேர் டிரேடிங் மோசடியில் 1,420 கோடி. 'வீட்டிலிருந்தே வேலை, லைக் போட்டால் காசு' போன்ற முதலீட்டு மோசடிகளில் 222 கோடி. 'சி.பி.ஐ.யிலிருந்து பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்' என்று வீடியோ காலில் மிரட்டியதில் 120 கோடி.

இவற்றில் மேடையில் காட்டும்படி எந்த வித்தையும் இல்லை. யாரும் நம் போனுக்குள் புகவில்லை. நம்மைப் பேசிப் பேசி, நம் கையாலேயே பணத்தை அனுப்ப வைத்தார்கள். பாஸ்வேர்டை உடைக்கவில்லை, ஆசையையும் பயத்தையும் தொட்டார்கள்.

பட்டாசு மோசடியும் இந்த ரகம்தான். 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு சைபர் க்ரைம் போலீஸார் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை விட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் மட்டும் 17 புகார்கள் வந்திருந்தன. இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப்பில் விளம்பரம், பார்த்தால் அசல் போலவே ஓர் இணையதளம், முன்பணம், அதன் பிறகு போன் அணைந்துவிடும். பதினேழு என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். மூவாயிரம், நாலாயிரத்துக்கு எத்தனை பேர் புகார் கொடுக்கப் போவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. '80% தள்ளுபடி' என்பதை வைத்து மட்டும் போலியைக் கண்டுபிடிக்க முடியாது. விலைப்பட்டியலில் தொகையை ஏற்றிப் போட்டுவிட்டுத் தள்ளுபடி காட்டுவது இந்தப் பக்கத்தில் நேர்மையான கடைகளிலும் வழக்கம்தான். மோசடிக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆன்லைன் தளங்கள் மூலம் பட்டாசு விற்க 2018 அக்டோபர் 23-ம் தேதியே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது என்பதுதான் வாங்குபவர்களில் பலருக்குத் தெரியாது.

படிக்கும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அடுத்த முறை 'ஹேக்கர்கள் அட்டகாசம்' என்று ஒரு செய்தி வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இது நடந்ததா, நடக்கலாமா? எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை பேர் என்று செய்தியில் இருக்கிறதா? இல்லையென்றால் அது மேடை வித்தையாக இருக்கலாம்.

இரண்டு: இதைச் செய்யத் திருடனுக்கு என்ன வேண்டும்? பஸ் ஸ்டாண்டில் தனி இயந்திரம் பொருத்தி, உங்கள் மாடல் போன் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? அல்லது எங்கோ உட்கார்ந்து ஒரு நாளில் ஆயிரம் பேருக்கு போன் போட்டால் போதுமா? திருடனும் வியாபாரிதான். செலவு குறைந்த வழியைத்தான் எடுப்பான்.

மூன்று: ஓட்டையை அடைத்துவிட்டார்களா, நான் என்ன செய்ய வேண்டும்? பயத்தை மட்டும் சொல்லிவிட்டு, இதைச் சொல்லாத செய்தி பாதிச் செய்திதான்.

செய்ய வேண்டியவை

* வெளியில் சார்ஜ் போட வேண்டியிருந்தால் உங்கள் சொந்த சார்ஜரை கரண்ட் பிளக்கில் செருகுங்கள். போன் 'நம்பலாமா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்று அழுத்துங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். சார்ஜர் பயத்துக்கு இவ்வளவு போதும்.
* பட்டாசு வாங்கும்போது, உரிமம் உள்ள கடைக்கு நேரில் போய்க் காசு கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் உரிமத்தின் படம் ஆதாரமல்ல. இன்னொருவர் உரிமத்தையும் படம் எடுத்து அனுப்ப முடியும்.
* பணம் பெறுவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ, பின் நம்பரை அழுத்தவோ தேவையே இல்லை. யாராவது அப்படிக் கேட்டால் அது உங்கள் பணத்தை எடுப்பதற்குத்தான்.
* 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. அப்படி யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.
* ஏமாந்துவிட்டீர்களா? உடனே 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பணம் அனுப்பிய ரசீது எண், போன் நம்பர், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

மறுபடியும் ஆமத்தூர். கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த அக்கா டீக்கடை சார்ஜரில் போனைச் செருகுகிறார். பத்து நிமிடத்தில் போன் உயிர் பெறுகிறது. பேங்க் பணம் பேங்கிலேயே இருக்கிறது. கோவைக்குக் கூப்பிடுகிறார்.

"தம்பி, அப்படி ஒரு குடோனே இங்க இல்ல. மொதல்ல 1930-க்கு போன் போட்டு எழுதி வைங்க."

"பத்து நாள் ஆயிருச்சே மதினி... இனிமே எங்க வரப்போகுது. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"காசு வராமக்கூடப் போகட்டும் தம்பி. அந்த நம்பர்ல நாளைக்கு இன்னொருத்தர் ஏமாறாம இருப்பாருல்ல? சார்ஜர் மெசேஜைப் போட்டீங்கள்ல, அதே குரூப்ல இதையும் போடுங்க. அது யாருக்கு நடந்துச்சுன்னே தெரியாது. இது நம்ம வீட்டுல நடந்தது."